காசிமேட்டுப் படகு ஓவியத்தை ஸ்டாக் தளம் ஏன் நிராகரிக்கிறது?

காசிமேடு துறைமுகத்தையோ ராயபுரம் ரயில் நிலையத்தையோ டிஜிட்டலில் வரைந்து, படங்களை வாங்கி விற்க உதவும் ஸ்டாக் தளத்தில் ஏற்றுகிறவர்கள் முதலில் அளவைப் பாருங்கள். அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக் இரண்டிலும் குறைந்தது 4 மெகாபிக்சல், அதாவது 40 லட்சம் புள்ளிகள் வேண்டும். 2400 x 1600 போதும்போலத் தோன்றும், பெருக்கினால் 38.4 லட்சம்தான், தேறாது. இன்ஸ்டாகிராமுக்காக 1080 அகலத்தில் வரைந்ததை இழுத்துப் பெரிதாக்கினால் கோடுகளின் ஓரம் பிசிறடிக்கும், அதற்கும் நிராகரிப்புதான். 4000 x 3000 கேன்வாஸில் தொடங்கி, எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற, திரைகளுக்கான பொதுவான நிற அமைப்பில், முழுத் தரத்தில் ஜேபெக்காகச் சேமியுங்கள். ஏற்றுமுன் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். வலையின் கயிறு பாதியில் அறுந்து நிற்பது, அழிக்காமல் விட்ட பென்சில் கோடு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

அதிகம் மாட்டுவது உரிமை விஷயத்தில். படகில் எழுதிய பெயர், பதிவு எண், ஐஸ்பெட்டியில் உள்ள கம்பெனி முத்திரை, கட்சிச் சின்னம், சுவரில் நடிகர் முகம் எதுவும் இருக்கக் கூடாது. மீன் விற்கும் அக்காவை அடையாளம் தெரியும்படி வரைந்தால் அவரது கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் தேவை. கூகுளில் எடுத்த போட்டோவின் மேல் அப்படியே கோடு இழுப்பது, கையால் வரைந்தாலும், காப்பிதான்.

ஒரே படகை நிறம் மட்டும் மாற்றிப் பத்தாக அனுப்பினால் ஒத்த படங்கள் என்று தள்ளிவிடுவார்கள். ஏஐ படத்தை அடோபியில் அப்படிக் குறிப்பிட்டே ஏற்ற வேண்டும். ஷட்டர்ஸ்டாக்கில் ஏற்றவே முடியாது.