ஒரு சொட்டிலும் குறைவு: பழைய எஸ்டீம் என்ஜினை டியூன் செய்யும் முறை

என் மாருதி எஸ்டீம் காரின் என்ஜின் 1298 சிசி. நான்கால் வகுத்தால் சிலிண்டருக்கு ஏறத்தாழ 325 சிசி. அத்தனை இடமும் காற்றால் நிரம்பினாலும் அந்தக் காற்றின் எடை 0.4 கிராமைத் தொடாது. அதை எரிக்க 0.035 மில்லி பெட்ரோல் போதும். கண்ணுக்கு விடும் மருந்தின் ஒரு சொட்டே ஏறக்குறைய 0.05 மில்லி இருக்கும். எந்த வேகத்தில், எந்தச் சுமையில் அந்தச் சொட்டில் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்று அட்டவணையில் எழுதுவதுதான் டியூனிங். பெரிய மந்திரவாதம்போல் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

கோயம்புத்தூரில் பம்ப் செட் கம்பெனி ஒன்றின் டெஸ்டிங் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக மீட்டர் பார்த்துப் பிழைக்கிறேன். காரில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை மாற்றினேன், ஹெட்டின் துளைகளை அகலப்படுத்தினேன், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் மாற்றினேன். என்ஜினை இயக்கும் கம்பெனி கணினியான ஈசியூவுக்கு இதெல்லாம் தெரியாது. அதைக் கழற்றிவிட்டு, ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் ஓடும், எண்களை நாமே மாற்றக்கூடிய ஸ்பீடுயினோ ஈசியூவைப் பொருத்தினேன். பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஆகவே என் கார் ரோட்டில் ஓடுவதில்லை. டிரெய்லரில் ஏறி, செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் போய்வருகிறது.

லேப்டாப்பைத் திறக்கும் முன் என்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரஷன் அளந்தால் நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஒரு கிலோவுக்கு மேல் வேறுபடக் கூடாது. பெட்ரோல் அழுத்தம் நிலையாக நிற்க வேண்டும். எர்த் வயர்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். சாவியைத் திருப்பி, என்ஜினை ஓட்டாமல், மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் என்ன காட்டுகிறது என்று கவனியுங்கள். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் 96 கிலோபாஸ்கல் அளவில் வர வேண்டும். 101 காட்டினால் சென்சாரின் அளவீடு தவறாகப் பதிவாகியிருக்கிறது. அதன் மேல் கட்டும் அட்டவணை முழுவதும் பொய்.

அடுத்தது டைமிங், அதாவது பிஸ்டன் உச்சியைத் தொட எத்தனை டிகிரி முன்பு தீப்பொறி விழ வேண்டும் என்பது. கிராங்க் புல்லியில் 36 பற்களில் ஒன்றை எடுத்துவிட்ட சக்கரம் ஒன்றை லேத்துப் பட்டறையில் செய்து மாட்டினேன். ஒரு பல்லுக்கு 10 டிகிரி. மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு டைமிங் லைட்டை அடித்தேன். புல்லிக் குறி 18இல் நின்றது. அதாவது கணினி 10 என்று நினைக்கும்போது தீப்பொறி 8 டிகிரி முந்தி விழுகிறது. இதைப் பார்க்காமல் ஓட்டியிருந்தால் பிஸ்டனைக் கையில் வாங்கியிருப்பேன். சக்கரத்தின் பல் இல்லாத இடம் எங்கே என்று மென்பொருளுக்குச் சொல்லும் டிரிகர் கோணத்தைத் திருத்திய பிறகு 3000 ஆர்பிஎம்முக்கு ஏற்றியும் பாருங்கள். வேகத்தோடு குறி நகர்ந்தால், காந்தச் சென்சாரின் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கலாம்.

இனி பெட்ரோல். இதற்கு, புகையிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைடுபேண்டு ஆக்சிஜன் சென்சார் கட்டாயம். நான் வைத்திருப்பது பாஷ் எல்எஸ்யூ 4.9. அட்டவணையின் குறுக்கே ஆர்பிஎம், நெடுக்கே மேனிஃபோல்டு அழுத்தம், கட்டங்களில் சிலிண்டர் எவ்வளவு காற்றால் நிரம்புகிறது என்று சொல்லும் விஈ எண்கள். என்ஜின் 80 டிகிரி சூடாகும் வரை எதையும் தொடாதீர்கள். சென்சாரைப் பார்த்துப் பெட்ரோலை மாற்றும் தானியங்கித் திருத்தத்தையும், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பெட்ரோல் சேர்க்கும் ஆக்சிலேட்டர் கூடுதலையும் அணைத்துவிட்டு, ஒரே வேகம், ஒரே சுமையில் சில விநாடிகள் நிறுத்துங்கள். புகை சென்சாரை எட்டவே சற்று நேரம் ஆகும். அவசரப்பட்டால் முந்தைய கட்டத்தின் கணக்கை இந்தக் கட்டத்தில் எழுதிவிடுவீர்கள். சூத்திரம் எளிது: பழைய எண்ணை அளந்த விகிதத்தால் பெருக்கி, வேண்டிய விகிதத்தால் வகுக்க வேண்டும். கட்டத்தில் 60 இருக்கிறது, சென்சார் 15.6 காட்டுகிறது, எனக்கு 14.2 வேண்டும் என்றால் புதிய எண் 66. பெட்ரோல் முழுமையாக எரியும் விகிதம் 14.7, கேம் மாற்றிய என்ஜின் ஐட்லிங்கில் அதைவிடச் சற்று ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக, எண் குறைவாக) இருந்தால்தான் அமைதியாக நிற்கும்.

இங்கேதான் நான் மூன்று மாலைகளை வீணாக்கினேன். ஐட்லிங்கில் சென்சார் 16, 16.5 என்று லீனாகவே, அதாவது பெட்ரோல் குறைவாகவே காட்டியது. நான் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனேன். கண் எரிந்தது, சைலன்சரில் கரிவாடை. மீட்டர் மட்டும் அசையவில்லை. பட்டறைக்கார அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஒரு பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அடுப்புக்கரிபோல் கறுப்பு. "இதைப் பார்த்துமா லீன் என்கிறீர்கள் தம்பி?" என்றார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் நகக்கண் அளவு ஓட்டை. ஐட்லிங்கில் அது வெளிக்காற்றை உள்ளே இழுக்க, சென்சார் அந்த ஆக்சிஜனைக் கண்டு லீன் என்று சொல்லியிருக்கிறது. கேஸ்கெட்டை மாற்றியதும் மீட்டர் 11க்கு விழுந்தது. அன்றிலிருந்து பிளக்கும் மீட்டரும் ஒரே சொல் சொல்லாதவரை நான் எண்ணை மாற்றுவதில்லை.

முழு ஆக்சிலேட்டரில் டர்போ இல்லாத என்ஜினுக்கு 12.5க்கும் 13க்கும் இடையில் வையுங்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் போதுமா என்றும் அப்போதே பாருங்கள். 6000 ஆர்பிஎம்மில், கிராங்க் இரண்டு சுற்று சுற்றும் ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லிவிநாடிதான் கிடைக்கும். இன்ஜெக்டர் 17க்கு மேல் திறந்திருந்தால் பெரிய இன்ஜெக்டர் வாங்குங்கள். டைமிங்கை வேண்டுமென்றே பின்தங்கிய எண்ணில் தொடங்கி, ஒவ்வொரு டிகிரியாக முன்னேற்றுங்கள். இழுவை கூடுவது நின்ற இடத்தில் நீங்களும் நின்றுவிடுங்கள். நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் ஓசை, தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கியதுபோல் இருக்கும், ஆனால் கேபின் இரைச்சலில் கேட்காது. செப்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கி என்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு, மறுமுனையிலிருந்து ரப்பர் குழாயை இழுத்துக் காது மூடியில் செருகிக்கொள்வேன். கம்பெனியில் பேரிங் கேட்டுப் பழகிய காது இதற்கு உதவுகிறது. கேட்ட மாத்திரத்தில் காலை எடுத்துவிட்டு, அந்தக் கட்டத்திலும் சுற்றியுள்ள கட்டங்களிலும் இரண்டு டிகிரி குறைக்க வேண்டும். ஓட்டுவது ஒருவர், திரையைப் பார்ப்பது இன்னொருவர். இரண்டையும் ஒருவரே செய்யக் கூடாது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு மாற்றம், ஒரு கோப்பு, நோட்டில் ஒரு வரி. மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு எது பலித்தது என்று கேட்டு வருகிற தம்பிகளுக்கு நான் தேநீர் மட்டும் தருவேன்.

ஆக்சிலேட்டர் கூடுதலையும் குளிர்ந்த நிலை ஸ்டார்ட்டையும் கடைசிக்கு வையுங்கள். அடிப்படை அட்டவணை தவறாக இருந்தால் அவை அந்தத் தவறை மூடி மறைக்கும். குளிர் ஸ்டார்ட்டுக்குப் பொறுமை வேண்டும், ஏனென்றால் முழுதாக ஆறிய என்ஜின் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் கிடைக்கும். மார்கழியில் ஐந்து மணிக்கு எழுந்து ஒரு எண், மறுநாள் இன்னொரு எண் என்று நான் பதினோரு காலைகள் செலவழித்தேன். 20 டிகிரிக் கட்டம் படிந்துவிட்டது. 40க்கு மேல் சூடேறும்போது இன்னும் ஒரு இருமல் இருக்கிறது. நான் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு அக்கா இப்போதெல்லாம் சன்னலைச் சாத்திவிடுகிறார்.