பைத்தானில் ஒரே பெயருக்கு இரண்டு டைப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயது = இன்புட்() என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே வயது = இன்ட்(வயது) என்று எழுதுவது பைத்தானில் சகஜம். நிரல் ஒழுங்காகவே ஓடும். ஆனால் நிரலை ஓட்டாமலே டைப் பிழைகளைத் தேடும் செக்கரான மைபை (mypy) இரண்டாவது வரியில் எரர் காட்டும். ஒரு மாறிக்கு முதலில் கிடைத்த மதிப்பின் டைப்பையே, அந்த ஃபங்ஷன் முழுவதற்கும் அதன் டைப்பாக அது வைத்துக்கொள்ளும். இன்புட்() தரும் மதிப்பால் 'வயது' ஸ்ட்ரிங் (உரை) என்று முடிவானபின் அதில் முழு எண்ணை வைக்க விடாது.

உடனே, அந்த வரியின் எரரைக் காட்டாதே என்று சொல்லும் 'டைப்: இக்னோர்' கமென்ட் போட்டு மைபையின் வாயை அடைப்பது பெரிய தவறு. அந்த வரி அமைதியாகும். மைபையின் கணக்கில் 'வயது' இன்னும் ஸ்ட்ரிங்தான். கீழே வயது + 1 என்றால் மறுபடி எரர். மாறியை 'எனி' (எந்த டைப்பும் ஆகலாம்) ஆக்குவது இன்னும் மோசம்: எண்ணாக மாறிய வயதின்மேல், ஸ்ட்ரிங்குக்கு மட்டுமே உரிய அப்பர்() அழைத்தாலும் செக்கர் வாய் திறக்காது, ஓடும்போதுதான் உடையும். வயது_உரை, வயது என்று இரண்டு பெயர் வைத்தால் பிரச்சினையே இல்லை.

பலரும் சறுக்கும் இடம் 'வித்' பிளாக். முதலில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலை 'எஃப்' என்று திறக்கிறோம். பிறகு வேறொரு 'வித்'தில் ஒரு படத்தை பைனரியாக, அதே 'எஃப்' என்று திறக்கிறோம். பிளாக் முடிந்ததும் ஃபைல் மூடப்படும், பெயர் அழியாது. பைத்தானில் இஃப், ஃபார், வித் எதுவும் புதிய ஸ்கோப் (பெயர் செல்லுபடியாகும் எல்லை) உருவாக்குவதில்லை. எனவே இரண்டும் ஒரே மாறிதான். 'எஃப்' அந்த பிளாக்குகளுக்குள் மட்டும் பயன்பட்டால் இன்றைய மைபை இதை விட்டுவிடும்; பிளாக்குக்கு வெளியேயும் அதைத் தொட்டால் டைப் ஒத்துப்போகாது என்று எரர் வரும். இரண்டு ஃபார் லூப்களில் வெவ்வேறு டைப்புக்கு ஒரே பெயர் வைத்தால் அந்தச் சலுகையும் இல்லை, எரர்தான். இப்படி வந்தால் அந்த ஃபங்ஷனை இரண்டாகப் பிரிப்பதையே நான் பரிந்துரைப்பேன். பெரும்பாலும் அது இரண்டு வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

டைப் குறிப்பே (வயது: இன்ட் என்பதுபோல் டைப்பை எழுதிக் காட்டுவது) இல்லாத ஃபங்ஷனின் உள்ளே மைபை இயல்பாகப் பார்ப்பதில்லை. அதனால் பழைய கோடில் முதல் குறிப்பைச் சேர்த்ததும் எரர்கள் கொட்டும். சேர்த்த குறிப்பை நீக்கிவிடாதீர்கள்.

எடிட்டர் அமைதியாக இருப்பதை நம்புவதும் தவறு. விஎஸ் கோடு எடிட்டரின் பைத்தான் நீட்டிப்பான பைலான்ஸ், பைரைட் என்ற இன்னொரு செக்கரை அடிப்படையாகக் கொண்டது. குறிப்பு எழுதாத மாறிக்கு ஒவ்வொரு மதிப்பின்போதும் டைப் மாறுவதை பைரைட் ஏற்கும். அதே கோடு சிஐ-யில் (கோடைச் சேர்க்கும்போது தானாக ஓடும் சோதனைகள்) மைபையிடம் தோற்கும். குழுவில் ஒரு செக்கரை முடிவு செய்து, எடிட்டரிலும் சிஐ-யிலும் அதையே, அதே அமைப்புகளோடு ஓட்டுங்கள்.