மருந்தாளர் நடைமுறையில் முதுமாணி: ஒரு மருந்துப் பையிலிருந்து தொடங்குவோம்

பீ.பாம். எனப்படும் மருந்தாளர் இளமாணிப் பட்டத்தை முடித்து, இலங்கை மருத்துவ சபையில் பதிந்து, திருகோணமலையில் ஒரு வைத்தியசாலையிலோ தனியார் பாமசியிலோ வேலை பார்க்கும் ஒருவர் மேற்படிப்பை நினைக்கும்போது, முதலில் விண்ணப்பப் படிவத்தைத்தான் தேடுகிறார். அதை மூன்றாவது வேலையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். பாமசி பிரக்டிஸ் எனப்படும் மருந்தாளர் நடைமுறை, மாத்திரை எப்படி உருவாகிறது என்பதைப் பற்றிய படிப்பல்ல. கொடுத்த மாத்திரை நோயாளிக்கு என்ன செய்தது என்பதற்குப் பொறுப்பேற்கும் படிப்பு. 1990ஆம் ஆண்டில் ஹெப்ளர், ஸ்ட்ராண்ட் ஆகிய இருவரும் மருந்துப் பராமரிப்புக்குக் கொடுத்த வரையறை, நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும் விளைவையே மருந்தாளரின் பொறுப்பாக்கியது. அந்தப் பொறுப்பு உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது.

படி 1: ஒரு பையைக் கொட்டிப் பாருங்கள்

கிளினிக்குக்கு வரும் ஒருவர் சம்மதித்தால், அவருடைய மருந்துப் பையை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றையும் எதற்காக, எப்போது, யார் சொல்லிக் குடிக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். உதாரணத்துக்கு, 68 வயதும் 48 கிலோ எடையும் உள்ள ஒரு தாயாரை வைத்துக்கொள்வோம். பையில் நீரிழிவுக்கான மெற்போமின், இரத்த அழுத்தத்துக்கான லொசாட்டன், நீர்போக்கும் மருந்தான ஹைட்ரோகுளோரோதயசைட் ஆகியவை கிளினிக் உறைகளில் இருக்கின்றன. அடியில், பெயர் எழுதாத ஒரு சிறிய கடதாசி உறைக்குள் முழங்கால் வலிக்காகக் கடையில் வாங்கிய டைக்குளோபெனாக் கிடக்கிறது. கிளினிக் கொப்பியில் அது இல்லை. லொசாட்டனும் நீர்போக்கும் மருந்தும் இத்தகைய வலிநிவாரணியும் ஒருவர் உடலில் சேரும்போது சிறுநீரகம் சட்டென்று பாதிக்கப்படலாம் என்பதால், அந்த உறைதான் பைக்குள் முதலில் பேசவேண்டிய பொருள்.

படி 2: கணக்கைக் கையால் போடுங்கள்

சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியேற்றினைன் அவருடைய இரத்தத்தில் 1.6 மி.கி./டெ.லீ. என்று ரிப்போட் சொல்கிறது. அதிலிருந்து சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணிக்க வேண்டும். 1976இல் வெளிவந்த கொக்குறொவ்ற் – கோல்ற் சூத்திரப்படி, 140இலிருந்து வயதைக் கழித்தால் 72. அதை எடையால் பெருக்கினால் 3456. அதை 72 × 1.6 ஆகிய 115.2ஆல் வகுத்தால் 30. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க, நிமிடத்துக்கு 25.5 மி.லீ. கிடைக்கிறது. அதே தாயாருக்கு, சிறுநீரக வடிகட்டலைக் கணிக்கும் இன்னொரு சூத்திரமான 2021ஆம் ஆண்டின் சி.கே.டி.-எபி சமன்பாட்டைப் போட்டால் ஏறத்தாழ 35 வருகிறது. மெற்போமின் 30க்குக் கீழே கொடுக்கப்படக் கூடாது. 30க்கும் 45க்கும் இடையில் அளவைக் குறைத்துக் கவனத்துடன் தொடரலாம். ஒரே இரத்தம், ஒரே நாள், இரண்டு சூத்திரங்கள். ஆனால் எல்லைக்கோட்டின் இரு பக்கங்களிலும் இரண்டு எண்கள்.

இங்கேதான் படிப்பு தொடங்குகிறது. மெற்போமினுக்கான எல்லை இரண்டாவது வகை எண்ணில் சொல்லப்பட்டது. வேறு பல மருந்துகளின் அளவோ முதல் வகை எண்ணை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. அத்துடன் இரண்டாவது எண் 1.73 சதுர மீற்றர் உடற்பரப்புக்கு ஒப்பிட்டுத் தரப்படுவதால், 48 கிலோ எடையுள்ள சிறிய உடலில் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். இவ்வளவையும் யோசித்த பிறகே வைத்தியருக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். அந்தக் குறிப்பில் "நிறுத்துங்கள்" என்று கட்டளையிடாமல், எண்ணையும் காரணத்தையும் மாற்று யோசனையையும் மூன்று வரிகளில் வைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நம் ஊர் ஆய்வுகூடங்களில் சில கிரியேற்றினைனை லீற்றருக்கு மைக்குரோமோல் என்ற வேறு அலகில் தருகின்றன, அதை 88.4ஆல் வகுத்த பிறகே இந்தச் சூத்திரத்தில் போடலாம். படிக்கத் தொடங்கிய காலத்தில் நான் 141 என்ற எண்ணை அப்படியே போட்டு, 0.29 மி.லீ. என்ற விடையைப் பெற்றேன். அந்த விடைப்படி சிறுநீரகமே வேலை செய்யாத அந்த நோயாளி, எதிரே நின்று மூதூர் பஸ்ஸின் நேரத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்.

படி 3: பட்டத்தைத் தெரிவு செய்யுங்கள்

இப்படிப் பத்துப் பைகளைப் பார்த்த பிறகும் ஆர்வம் இருந்தால் படிவத்தைத் தேடலாம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 9ஆம் மட்டம் 30 கிரெடிட் கொண்ட, பாடநெறி மட்டுமான முதுமாணி. 10ஆம் மட்டம் ஆய்வும் சேர்ந்த 60 கிரெடிட் முதுமாணி. பின்னாளில் கலாநிதிப் பட்டத்தையோ விரிவுரையாளர் வேலையையோ நினைப்பவர் 10ஆம் மட்டத்தையே எடுப்பது நல்லது. இந்தியாவில் எம்.பாம். பாமசி பிரக்டிஸ் நான்கு பருவங்கள், பீ.பாம். முடித்தவர்களுக்கான பாம்.டி. என்ற மருந்தாளர் பட்டம் மூன்று ஆண்டுகள், அதில் கடைசி ஆண்டு வைத்தியசாலைப் பயிற்சி. வார இறுதி வகுப்புக்காக ஹபரணை வழியாக இரவு பஸ்ஸில் போகவேண்டிய பட்டமாக இருந்தால், வேலை முறையை மாற்றித் தருவார்களா என்று மேலதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

படி 4: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"முதியோரின் மருந்துப் பாவனை" என்பது ஒரு தலைப்பு, கேள்வி அல்ல. "ஒரு குறிப்பிட்ட கிளினிக்கில், 60 வயதுக்கு மேற்பட்ட, மெற்போமின் எடுக்கும் நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சிறுநீரகத் தொழிற்பாட்டுக்குப் பொருந்தாத அளவு எழுதப்பட்டிருக்கிறது?" என்பது கேள்வி. பதவிசிறிபுர போன்ற, காரணம் புலப்படாத சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்ட பகுதிகளும் இந்த மாவட்டத்திலேயே இருப்பதால், இந்தக் கேள்வியை எங்கிருந்தும் கடன் வாங்கத் தேவையில்லை. விகிதம் முன்கூட்டித் தெரியாவிட்டால் 50 சதவீதம் என்று எடுத்து, 5 சதவீத வழுவுடன், 95 சதவீத நம்பிக்கை மட்டத்தில் கணித்தால் 384 பேர் தேவைப்படுவர். அத்தனை பேர் அந்தக் கிளினிக்குக்கு வருகிறார்களா என்று பதிவேட்டில் பார்த்துவிட்டு மேற்பார்வையாளரிடம் போங்கள்.

படி 5: அனுமதியும் மொழியும்

ஒழுக்கவியல் குழுவின் அனுமதிக்கும் வைத்தியசாலை நிர்வாகத்தின் அனுமதிக்கும் முன்னர் ஒரு தரவைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்த பிறகு அனுமதி கேட்பது நடக்காது. இந்த மாவட்டத்தில் தகவல் தாளும் சம்மதப் படிவமும் தமிழிலும் சிங்களத்திலும் தேவைப்படும். என் முதல் முன்மொழிவு தமிழ்ப் படிவத்துக்காகவே திரும்பி வந்தது. ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து "பாதகமான மருந்து விளைவுகள்" என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது முதியவர்கள் தலையை ஆட்டினார்களே தவிர, அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மருந்து குடித்த பிறகு உடம்புக்கு ஒத்துவராமல் போனது உண்டா?" என்று மாற்றியதும், "இந்தக் குளிசை சூடு, தம்பி" என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எனவே படிவத்தை அனுப்புவதற்கு முன்னர் ஐந்தாறு பேருக்கு வாசித்துக் காட்டி, விளங்கியதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

படி 6: நேர்காணலுக்கு நேரம்

மருந்து கையில் கிடைத்தவுடன் கிண்ணியாக்காரரும் மூதூர்க்காரரும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் கேட்கும் கேள்விக்கு "ஓம்" என்பதே பதிலாக வரும். வைத்தியரைப் பார்க்க இலக்கத் துண்டுடன் வாங்கில் காத்திருக்கும் நேரத்தில் பேசுங்கள். முந்திய நாளே அறிவித்து, வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், கடையில் வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது.