வட பிரான்ஸ் கிராமத்துப் பாதைகளில் மவுண்டன் பைக்: முதல் தடவை போகிறவர்களுக்கு

மவுண்டன் பைக் என்றாலே ஆல்ப்ஸ்தான் என்று பாரிஸ்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். வடக்கே, பெல்ஜிய எல்லையை ஒட்டி அவெனுவா என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. மேய்ச்சல் நிலம், உயிர்வேலி, பழத்தோட்டம், ஓடை, நடுவில் மொர்மால் என்ற பெருங்காடு. நான் சொல்லப்போகும் பாதை எங்கேயும் 200 மீட்டர் உயரத்தைத் தொடாது. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. மேடு இல்லை என்பதால் சுலபம் என்று கிளம்பிவிடாதீர்கள். இங்கே காலை வாருவது சேறும் முள்ளும் காற்றும். இவற்றோடு, வரைபடத்தில் இருந்தும் தரையில் இல்லாமல் போன பாதைகள்.

படி 1: காலமும் காற்றும்

மே, ஜூன், பிறகு ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர். அவ்வளவுதான். அக்டோபருக்குப் பிறகு களிமண் பாதைகள் பாதிக்கு மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பாதைகளாகிவிடும். அந்த மாதங்களில் சர்க்கரை பீட்ரூட் அறுவடை வேறு. டிராக்டர்கள் வயல் சேற்றைத் தார்ச்சாலைக்கும் இழுத்துவந்துவிடும். மழை தூறினால் அந்தச் சாலையில் டயர் வழுக்கும். கல் பாதையைவிட ஆபத்து.

காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஆகவே தெற்கில் லாந்த்ரெசியில் ரயிலை விட்டு இறங்கி, வடக்கில் லெ கெனுவாவில் முடிப்பதே என் வழக்கம். முதலில் சாம்ப்ர் ஆற்றங்கரை, பிறகு மருவால் கிராமம், பிறகு காட்டுக்குள் லொக்கிஞோல், கடைசியில் கோட்டை ஊரான லெ கெனுவா. சுமார் 30 கிலோமீட்டர். ஆற்றங்கரையில் மறைப்பே கிடையாது, அங்கே காற்று முதுகில் இருக்கும். பக்கக்காற்று வரும்போது நீங்கள் காட்டுக்குள் இருப்பீர்கள். புறப்படும் முன் வானிலைச் செயலியில் மழையை மட்டும் பார்க்காமல் காற்றின் திசையையும் பாருங்கள். வடகிழக்குக் காற்று என்றால் பாதையைத் தலைகீழாக ஓட்டுங்கள்.

படி 2: சைக்கிள்

முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதும். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் வைத்த விலை உயர்ந்த வண்டி இங்கே வீண், சேறு அப்பிக்கொள்ளக் கூடுதல் மூலைமுடுக்குதான் மிச்சம். டயர் 2.25 அங்குலம். 2.6 வாங்கச் சொல்லி ஆசை காட்டுவார்கள், வேண்டாம். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இடைவெளி குறைந்தால் களிமண் சிக்கி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும்.

ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத டயர்) போட்டிருந்தால், 70 கிலோ எடையுள்ளவருக்குக் காற்றழுத்தம் முன்னால் 1.5 பார், பின்னால் 1.7 பார். ட்யூப் என்றால் இரண்டிலும் 2 பார் வைத்துத் தொடங்குங்கள். கைப்பம்பில் உள்ள அழுத்தமானியின் முள்ளை நம்ப வேண்டாம், தனியாக ஒரு டிஜிட்டல் அளவி வாங்குங்கள். செயினுக்கு ஈரத்துக்கான எண்ணெய். முன்சக்கரத்துக்குச் சின்ன பிளாஸ்டிக் மட்கார்ட் ஒன்று. அது இல்லையென்றால் சேறு கண்ணில் தெறிக்கும்.

படி 3: எந்தக் கோட்டில் ஓட்டலாம்?

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நான் வரைந்து வைத்திருந்த ஒரு அருமையான குறுக்குப்பாதை, லெ கெனுவா பக்கம் ஒரு பீட்ரூட் வயலின் நடுவில் போய்க் காணாமல் போனது. வரைபடத்தில் கோடு தெளிவாக இருந்தது. தரையில் என்றைக்கோ உழுதுவிட்டார்கள். சுற்றிக்கொண்டு வேறு வழியில் போனால் மின்வேலி. அதற்குப் பிறகு கண்டுபிடித்த முறை இது. கொஞ்சம் பொறுமை வேண்டும், அரை மணி நேரம் ஆகும். ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் அந்தப் பாதை உங்களுடையது.

வழி வரைந்து தரும் செயலிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தொடக்கம் பிரெஞ்சு அரசின் வரைபட இணையதளத்தில் (முன்பு ஜெயோபோர்த்தாய், இப்போது cartes.gouv.fr) இருக்கட்டும், இலவசம். அதில் அரசின் வரைபட நிறுவனமான ஐஜிஎன்னின் 1:25,000 வரைபடத்தைத் திறந்து, நீங்கள் போக நினைக்கும் கோட்டைப் பெரிதாக்குங்கள்.

முதலில், வான்படத்தை மேலே போடுங்கள். கோடு இருக்கும் இடத்தில் நிஜமாகவே தடம் தெரிகிறதா? இரண்டு பக்கமும் மரமோ வேலியோ வரிசையாக இருந்தால் பாதை உயிரோடு இருக்கிறது. கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வயலின் நிறம் ஒரே மாதிரி ஓடினால் அதை விட்டுவிடுங்கள்.

பிறகு நில அளவைப் படத்தை மேலே போடுங்கள். அதை அங்கே கதாஸ்த்ர் என்பார்கள். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எண் இருக்கும். நம்மூர்ப் புலப்படத்தில் வண்டிப்பாதைப் புறம்போக்கு தெரிவது போல, எண்ணே இல்லாத நீளப் பட்டை ஒன்று உங்கள் கோட்டோடு பொருந்தி வந்தால் அது அநேகமாக 'ஷெமன் ரூரால்'. அந்தக் கிராம நிர்வாகத்தின் சொத்து, பொதுமக்கள் பயன்பாட்டுக்கானது. பெரும்பாலும் அதன் மேலேயே பெயரும் எழுதியிருக்கும்.

பட்டையில் 'ஷெமன் தெக்ஸ்ப்ளுவாத்தாசியோன்' என்று இருந்தால் கவனம். அது சுற்றியுள்ள நிலக்காரர்கள் தங்கள் வயலுக்குப் போகப் பொதுவாக வைத்துக்கொண்ட தனியார் பாதை. திறந்து விட்டிருந்தால் போகலாம், ஆனால் அவர்கள் மூட நினைத்தால் மூடலாம். சங்கிலி போட்டிருந்தால் திரும்பிவிடுங்கள், வாக்குவாதம் செய்ய உங்கள் பக்கம் சட்டம் இல்லை.

இன்னொன்று: மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கே வெட்டிப் போகும் ஒற்றைப் புள்ளிக்கோடுகள். பெரும்பாலும் நடப்பவர்களுக்கான ஒற்றையடிப் பாதை. வேலிக்கு வேலி சுழல்கதவு இருக்கும், மாடு தாண்டாமல் இருக்க வைத்தது. மவுண்டன் பைக்கின் அகலமான ஹேண்டில்பார் அதில் நுழையாது. ஒவ்வொரு கதவிலும் வண்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் போக எனக்கு ஆசையில்லை.

படி 4: அடையாளங்கள்

மவுண்டன் பைக்குக்கான பாதை என்றால் மரத்திலோ கம்பத்திலோ ஒரு முக்கோணமும் இரண்டு வட்டமும் இருக்கும். முக்கோணத்தின் முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போக வேண்டும். பச்சை மிகச் சுலபம், நீலம் சுலபம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். வெள்ளை-சிவப்புக் கோடுகள் நீண்டதூர நடைபாதைக்கு, மஞ்சள் கோடு உள்ளூர் நடைபாதைக்கு. பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்த வழி தப்பு.

படி 5: ஓட்டம்

லாந்த்ரெசியில் இறங்கியதும் சாம்ப்ர் ஆற்றங்கரைப் பாதையைப் பிடியுங்கள். நோர்வேயின் ட்ரோன்ஹைமிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ வரை போகும் யூரோவெலோ 3 சைக்கிள் தடத்தின் ஒரு துண்டு இது. சமதளம். கியர், பிரேக் சரியாக இருக்கிறதா என்று இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மருவால் கிராமத்துக்கு ஆற்றை விட்டுக் கொஞ்சம் விலக வேண்டும். விலகுங்கள். துறவிகள் தொடங்கிவைத்த சீஸுக்குப் பேர்போன ஊர், சீஸின் பெயரும் மருவால்தான். சுடச்சுட மருவால் தார்த் (அந்தச் சீஸ் போட்டுச் சுட்ட பண்டம்) ஒரு துண்டு போதும், இரண்டு சாப்பிட்டால் காட்டில் பெடல் சுற்றாது. சீஸ் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள நினைக்கிறவர்கள் மாலை ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரையும் நினைத்துப் பாருங்கள்.

தண்ணீருக்கு ஒரு யோசனை. ஞாயிறு மதியமும் திங்கட்கிழமையும் கிராமத்துக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பூச்செடிக்கு ஊற்றக் குழாய் இருக்கும். குடிக்க உதவாதது என்றால் 'நோன் போத்தாப்ள்' என்று எழுதியிருப்பார்கள், எழுதாத இடத்தில் இங்குள்ள சைக்கிள்காரர்கள் பாட்டிலை நிரப்பிக்கொள்வார்கள். நம் ஆட்களுக்கு முதல் தடவை மனசு இடிக்கும். தாகம் எடுத்தால் சரியாகிவிடும்.

பிறகு ஆற்றைத் தாண்டி மொர்மால். 9,000 ஹெக்டேருக்கு மேல், நோர் மாவட்டத்தின் மிகப் பெரிய காடு, ஓக்கும் பீச்சும். காட்டுச் சாலைகளிலும் அடையாளமிட்ட பாதைகளிலும் மட்டும் ஓட்டுங்கள். மரம் வெட்டும் இயந்திரங்கள் போட்ட தடங்கள் பார்க்கப் பாதை மாதிரியே இருக்கும். உள்ளே போனால் முழங்கால் ஆழத்துக்குக் குழி, அதில் தண்ணீர். பாதையை விட்டு மரங்களுக்குள் ஓட்டினால் அபராதமும் உண்டு.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வேட்டை நடக்கும். 'ஷாஸ் ஆன் கூர்' (வேட்டை நடக்கிறது) என்ற பலகையைப் பார்த்தால் அந்தப் பகுதியைச் சுற்றிப் போங்கள். அந்த மாதங்களில் பளிச்சென்ற ஆரஞ்சு மேற்சட்டை. செப்டம்பர் கடைசியில் சிவப்பு மான்கள் கத்தும், அந்தி நேரத்தில் அவற்றை விட்டு விலகியிருங்கள்.

காட்டைத் தாண்டினால் லெ கெனுவா. செங்கல் கோட்டைச்சுவர் ஊரை முழுதாகச் சுற்றி நிற்கிறது. 1918 நவம்பர் 4 அன்று நியூசிலாந்துப் படை ஏணி வைத்து இந்தச் சுவரில் ஏறித்தான் ஊரை ஜெர்மானியரிடமிருந்து மீட்டது. அந்தக் கதைக்கென்றே 2023இல் ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். ரயிலுக்கு நேரம் இருந்தால் அகழி ஓரமாக ஒரு சுற்று நடந்து வரலாம்.

பின்னர் சேர்த்தது: முள்

"ட்யூப் மாற்றி ஐந்தே நிமிடத்தில் மறுபடி பஞ்சர்" என்று பின்னூட்டத்தில் பலர் எழுதியிருந்தீர்கள். காரணம் உயிர்வேலி. பறவைகள் கூடு கட்டும் காலத்துக்காக, மார்ச் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை விவசாயிகள் வேலியை வெட்டத் தடை உண்டு. அதன் பிறகு டிராக்டர் கத்தியை வைத்துச் சீவுவார்கள். முள் துண்டுகள் பாதை முழுக்கச் சிதறும். செப்டம்பர் நல்ல மாதம் என்றேன் அல்லவா, அதற்கு விலை இதுதான்.

முள் டயரைத் துளைத்து உள்ளே ஒடிந்து நிற்கும். வெளியே பார்த்தால் தெரியாது. புது ட்யூப் போடும் முன் ஒரு துணியை டயரின் உட்புறத்தில் முழுச் சுற்றும் இழுங்கள், முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். விரலால் தடவினால் விரலில்தான் ஏறும். குறட்டால் பிடுங்கிவிட்டு, மறுபடி ஒருமுறை துணியை இழுத்துப் பார்த்துத்தான் ட்யூப் போட வேண்டும். ட்யூப்லெஸ் என்றால், காற்று போகாதவரை முள்ளைத் தொடாதீர்கள், வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இந்த வட்டாரத்துக்கு ட்யூப்லெஸ்தான். இருந்தாலும் ஒரு ட்யூப் பையில் இருக்கட்டும்.

இன்னொரு சேர்ப்பு: ரயில்

இந்த வட்டார ரயில்களில் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வேண்டாம், ஆனால் இடம் குறைவு. தொங்கவிடும் கொக்கி மெல்லிய சக்கரத்துக்கானது. அகல டயர் நுழையாவிட்டால் வண்டியைக் கீழே நிறுத்தி, பெடலோடு சேர்த்து ஒரு பட்டையால் கம்பத்தில் கட்டிவிடுங்கள். பட்டை நீங்களே கொண்டுபோக வேண்டும். லெ கெனுவாவிலிருந்து பாரிஸ் திரும்ப ஓல்னுவாவில் ரயில் மாற வேண்டியிருக்கும். ஞாயிறு மாலை வண்டிகள் குறைவு, எனவே கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலைக் குறிவைத்துத் திட்டமிடுங்கள்.

சேற்றோடு ஏறுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய படுக்கை விரிப்பு ஒன்றை மடித்து எடுத்துப்போய்ச் சக்கரங்களைச் சுற்றிக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளிக்கும் முன் அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உண்ணி எடுக்கும் கொக்கியால், நசுக்காமல், மெதுவாகச் சுழற்றி எடுக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும். கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.