'ஏன் பள்ளி கொண்டீரையா' சொல்லிக்கொடுக்கும் முறை

இந்தப் பாட்டை எழுதியவர், தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் (1711–1779) . ராமகாதை முழுவதையும் அவர் நாடகக் கீர்த்தனைகளாக்கினார். மெட்டமைக்கத் துணை நின்றவர்கள் சட்டநாதபுரம் வேங்கடராமையரும் கோதண்டராமையரும். பல பாட்டுகளில் அச்சுப் பிரதியின் ராகம் ஒன்று, மேடை ராகம் வேறு. எதைச் சொல்லிக்கொடுப்பது என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாட்டு இன்று மோகன ராகத்தில், ஆதி தாளத்தில் பாடப்படுகிறது. மோகனத்தில் மத்யமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. தைவதத்திலிருந்து (த) மேல் ஷட்ஜத்துக்கு (ஸ) இழுக்கும்போது பிள்ளைகளுக்கு நிஷாதம் ஒட்டிக்கொள்ளும். பதஸ், ஸ்தப என்று மெதுவாகப் பத்துத் தடவை பாடவைத்தால் விலகும்.

ஸ்வரத்துக்கு முன்பே சாகித்யத்தை, அதாவது பாட்டின் வரிகளை, வாய்விட்டுப் படிக்கவையுங்கள். பல்லவிக்கு அடுத்த பகுதியான அனுபல்லவியில் வரும் 'இரண்டாற்று நடுவிலே' என்பது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள ஸ்ரீரங்கம். நம் பிள்ளைகளுக்கு உடனே புரியும். அதற்கடுத்த சரணத்தில்தான் கவிராயரின் திறமை முழுக்கத் தெரிகிறது: கோசிகன் (விசுவாமித்திரர்) சொல், சிவதனுசு, பரசுராமன், மிதிலைப் பெண்ணோடு நடந்தது, குகன் ஓடம். பள்ளிகொண்ட ரங்கநாதரை ராமனாகவே கண்டு, களைப்புக்கு இதுவா காரணம், அதுவா என்று வரிசையாகக் கேள்விகள். கதை வரிசை தெரியாதவர்கள் அடிகளை மாற்றிப் பாடிவிடுவார்கள். மூச்சைக் கேள்வி முடிவில் மட்டும் எடுக்க வேண்டும். 'முறித்ததற்கோ' என்பதை 'முறித்த' என்று நிறுத்தினால் 'தற்கோ' அனாதையாகிவிடும். காலத்தைக் கூட்டாதீர்கள், கேள்வியின் பரிவு போய்விடும்.