சேலை எங்கே வந்துகொண்டிருக்கிறது? ஆன்லைன் துணி பார்சலை ட்ராக் செய்வது எப்படி

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் தெருவில் என் வீட்டுக் கதவைத்தான் எல்லாரும் தட்டுவார்கள். "இந்தச் சேலை எங்க இருக்குன்னு கொஞ்சம் பாரும்மா" என்று போனை நீட்டுவார்கள். பாதிப் பேருக்கு ட்ராக்கிங் எண் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மீதிப் பேரிடம் எண் இருக்கும், ஆனால் அதைப் போட்டால் வருகிற வார்த்தை புரியாது. வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது எழுதி வைக்கிறேன். கோவில்பட்டியில் உட்கார்ந்து எழுதுவதால் உதாரணங்கள் இந்தப் பக்கத்தவை.

தொடங்குமுன் ஒரு விஷயம். பார்சல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடங்களில் அதன் பார்கோடை ஸ்கேன் செய்வார்கள். அந்த ஸ்கேன் நடந்த நேரமும் இடமும்தான் உங்கள் திரையில் தெரிகிறது. நடுவில் லாரி ஓடுகிற நேரமெல்லாம் திரையில் ஒன்றும் மாறாது. "ரெண்டு நாளா பெங்களூர்லயே நிக்குது" என்று கவலைப்படுகிறீர்களே, அது அநேகமாகச் சேலத்தைத் தாண்டியிருக்கும். ஆகவே ட்ராக்கிங் பக்கத்தைத் திறந்தால் முதலில் பார்க்க வேண்டியது கடைசி ஸ்கேன் எப்போது நடந்தது என்பதை. ஊரின் பெயர் அதற்கு அப்புறம்தான்.

படி 1: யார் கொண்டுவருகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

அமேசான், ஃப்ளிப்கார்ட், மிந்த்ரா, மீஷோ, அஜியோ மாதிரி ஆப்பில் வாங்கியிருந்தால் வேலை சுலபம். ஆப்பைத் திறந்து 'மை ஆர்டர்ஸ்' போய், அந்தத் துணியின் மேல் தட்டினால் போதும். எண்ணைத் தனியாகத் தேட வேண்டாம். எந்தக் கூரியர் என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: ஈகார்ட், டெல்லிவரி, வால்மோ, எக்ஸ்பிரஸ்பீஸ், ஷேடோஃபேக்ஸ் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். பிரச்சினை வந்தால் அந்தப் பெயர் தேவைப்படும்.

புதிதாக வாங்குகிறவர்கள் குழம்பும் ஒரு இடம் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு சுடிதாரும் ஒரு சட்டையும் வாங்கினால் மூன்றும் ஒரே கவரில் வரும் என்று நினைப்பார்கள். ஆப் ஒன்றுதான், ஆனால் விற்கிறவர்கள் வேறு வேறு. ஒன்று சூரத்திலிருந்தும் இன்னொன்று திருப்பூரிலிருந்தும் கிளம்பலாம். ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி நாள். "ஒண்ணு வந்துடுச்சு, மத்ததக் காணோம்" என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் கடைகளில் வாங்கினால் கதை வேறு. இளம்பிள்ளைச் சேலையோ சின்னாளபட்டி சுங்குடியோ, ஜிபேயில் பணம் போட்டு வாங்குகிறோம். ஆப் எதுவும் இல்லை. கடைக்காரர் அனுப்பும் ரசீதின் போட்டோதான் ஒரே ஆதாரம். அதனால் பணம் போட்ட அன்றே "எந்த கூரியர்? எப்போ அனுப்புவீங்க? ட்ராக்கிங் நம்பர் வேணும்" என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். நல்ல கடைக்காரர் கேட்காமலே அனுப்புவார்.

படி 2: எண்ணைச் சரியாக எடுங்கள்

ஆர்டர் எண் வேறு, ட்ராக்கிங் எண் வேறு. ஆர்டர் எண் கடையின் கணக்குக்கு. கூரியர்காரரிடம் அதைச் சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குத் தேவையானது ஏ.டபிள்யூ.பி. எண். கூரியர் பேச்சில் ட்ராக்கிங் எண்ணுக்கு அதுதான் பெயர்.

தபால் துறையின் ஸ்பீட் போஸ்ட் எண்ணைப் பார்த்தவுடனே அடையாளம் கண்டுவிடலாம். மொத்தம் 13 இடங்கள். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, அதில் முதல் எழுத்து 'இ' (E). அப்புறம் ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் 'ஐ', 'என்' என்ற இரண்டு எழுத்து. அந்த ஒன்பதாவது இலக்கம் சும்மா இல்லை, முன்னால் இருக்கும் எட்டையும் சரிபார்க்கிற இலக்கம். எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, மீதியை 11 இலிருந்து கழித்தால் அது வரும். 12345678 என்றால் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆகவே ஒன்பதாவது இலக்கம் 5. (விடை 10 வந்தால் 0 போடுவார்கள், 11 வந்தால் 5.) இதை நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. ரசீது போட்டோ மங்கலாக இருந்து 1-ஐ 7 என்று அடித்தால் 'தவறான எண்' என்று வருவது ஏன் என்று தெரிவதற்காகச் சொன்னேன். அப்படி வந்தால் பயப்படாமல் கடைக்காரரிடம் எண்ணை டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

படி 3: எண்ணைப் போட்டுப் பாருங்கள்

ஸ்பீட் போஸ்ட் என்றால் இந்தியா போஸ்ட் தளம். எஸ்.டி. கூரியர், ப்ரொஃபெஷனல், டி.டி.டி.சி., புளூ டார்ட் என்றால் அந்தந்த நிறுவனத்தின் தளம். முகவரியை நீங்களே அடித்துப் போங்கள். கூகுளில் கூரியர் பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி, முதலில் கண்ணில் படுகிற எண்ணுக்குப் போன் போடாதீர்கள். கூரியர் நிறுவனத்தின் பெயரில் திருடர்கள் தங்கள் எண்ணைப் போட்டுவைப்பது பழைய தந்திரம்.

எண்ணைப் போட்டதும் 'நோ டேட்டா ஃபவுண்ட்' என்று வந்தால், பெரும்பாலும் பார்சல் இன்னும் முதல் ஸ்கேனுக்கே போகவில்லை என்று அர்த்தம். கடைக்காரர் மாலையில் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார். மறுநாள் பாருங்கள்.

படி 4: வார்த்தைகளைப் படியுங்கள்

இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

'ஷிப்டு' என்று ஆப் சொல்வதை முழுசாக நம்பாதீர்கள். லேபிள் அச்சாகிவிட்டாலே சில இடங்களில் அப்படிக் காட்டும். கூரியர் பக்கத்தில் 'மேனிஃபெஸ்டட்' அல்லது 'பிக்கப் அவெய்ட்டட்' என்று இருந்தால் துணி இன்னும் கடைக்காரரின் அலமாரியில்தான் இருக்கிறது. 'பிக்டு அப்' வந்தபிறகுதான் பயணம் தொடங்குகிறது. மூன்று நாளாக 'மேனிஃபெஸ்டட்' என்றே இருந்தால் கூரியரைத் திட்டிப் பயனில்லை, கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

'இன் ட்ரான்ஸிட்' என்றால் வழியில். 'ரீச்டு டெஸ்டினேஷன் ஹப்' என்றால் உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பெரிய ஊருக்கு வந்துவிட்டது. உங்கள் ஊருக்கே வந்துவிட்டதாக நினைத்து வாசலில் நிற்க வேண்டாம்.

தபாலில் வார்த்தைகள் வேறு மாதிரி இருக்கும். போன மாதம் இளம்பிள்ளையிலிருந்து எனக்கு வந்த ஒரு காட்டன் சேலையின் பக்கத்தை அப்படியே சொல்கிறேன். திங்கள் மாலை 'ஐட்டம் புக்டு', ஊர் இளம்பிள்ளை. அன்றே 'ஐட்டம் பேக்டு', 'ஐட்டம் டிஸ்பேட்ச்டு'. இந்த 'பேக்டு' துணியை மடித்துக் கட்டுவது இல்லை, தபால் பைக்குள் போடுவது. இரவு சேலத்தில் 'ஐட்டம் ரிசீவ்டு', மறுபடி பைக்குள். செவ்வாய் முழுக்க ஒரு வரிகூட வரவில்லை. புதன் விடியற்காலை மதுரை ஹப், காலை கோவில்பட்டி, பத்து மணிக்கு 'அவுட் ஃபார் டெலிவரி', பன்னிரண்டரைக்குக் கையில். அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான் நம் ஆட்களுக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் 'என்.எஸ்.எச்.' என்று கண்டால் அது நேஷனல் சார்ட்டிங் ஹப், பிரித்து அனுப்பும் பெரிய இடம். 'ஆர்.எம்.எஸ்.' என்றால் ரயில்வே மெயில் சர்வீஸ்.

பார்சல் சம்பந்தமே இல்லாத ஊருக்குப் போனதாகக் காட்டினால் பின்கோடைச் சரிபாருங்கள். முதல் மூன்று இலக்கம்தான் எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்கிறது. எங்கள் கோவில்பட்டி 628501. அதை 638501 என்று அடித்தால் பார்சல் ஈரோட்டுப் பக்கம் போய்விடும். ஓர் இலக்கத்துக்கு முந்நூறு கிலோமீட்டர்.

கடைசியாக 'ஆர்.டி.ஓ. இனிஷியேட்டட்'. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஆர்.டி.ஓ. நினைவுக்கு வரும். இது 'ரிட்டர்ன் டு ஒரிஜின்', அதாவது அனுப்பியவருக்கே திரும்புகிறது. இதைக் கண்டால் அன்றே கடைக்காரரைப் பிடியுங்கள். பாதி வழி திரும்பிப் போனபின் அதை மறுபடி உங்கள் பக்கம் திருப்புவது அபூர்வம். பெரும்பாலும் மறு ஆர்டர்தான்.

படி 5: வருகிற நாள்

'அவுட் ஃபார் டெலிவரி' வந்த நாளில் போனைச் சைலண்டில் போடாதீர்கள். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டால் 'கஸ்டமர் நாட் அவைலபிள்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு ஒருமுறை, நான் வாசலிலேயே வற்றல் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது, 'டெலிவரி அட்டம்ப்டட், வீடு பூட்டியிருந்தது' என்று மெசேஜ் வந்தது. எந்த கூரியர் என்று சொல்லப்போவதில்லை. உடனே அந்த மெசேஜையும், நேரம் தெரிகிற மாதிரி வாசலையும் படம் பிடித்து ஆப்பில் புகார் போட்டேன். மறுநாள் பத்து மணிக்குள் வந்துவிட்டார்கள். போனில் சண்டை போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

சில பார்சலுக்கு ஓடிபி கேட்பார்கள். பார்சல் கைக்கு வந்தபிறகு, ஆள் எதிரில் நிற்கும்போது மட்டும் சொல்லுங்கள். கேஷ் ஆன் டெலிவரி என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே தொகையைச் சொல்லி வையுங்கள். யாரும் போடாத ஆர்டருக்கு "599 ரூபா குடுங்க" என்று வருகிறவர்களும் உண்டு. லேபிளில் பெயர் சரியாக இருப்பதால் அப்பா பணத்தைக் கொடுத்துவிடுவார்.

கவரைப் பிரிக்கும்போது லேபிள் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். ஒரே ஷாட், நடுவில் நிறுத்தாமல். வேறு நிறச் சேலை வந்தாலும் கிழிசல் இருந்தாலும் நிறைய கடைகள் அதைத்தான் முதலில் கேட்கின்றன.

படி 6: வரவே இல்லை என்றால்

கடைசி ஸ்கேனிலிருந்து எண்ணுங்கள். மூன்று நாள் வரை நான் ஒன்றும் செய்வதில்லை. பண்டிகைக் காலத்திலும் மழைக்காலத்திலும் ஐந்து நாள் விடுவேன். அதற்கு மேல் போனால் முதலில் கடை, அப்புறம்தான் கூரியர். பணம் வாங்கியவர் கடைக்காரர், பொறுப்பும் அவருடையது.

தபால் என்றால் 1800 266 6868 என்ற இலவச எண் இருக்கிறது. சின்ன ஊரில் அதைவிடச் சீக்கிரமான வழி, காலையில் நேரே தபால் நிலையத்துக்குப் போய் எண்ணைக் காட்டுவது.

ஆப்பில் 'டெலிவர்டு' என்று காட்டி கையில் ஒன்றும் இல்லையா? பக்கத்து வீடு, வாட்ச்மேன், எதிர்க் கடை என்று கேட்டுவிட்டு அன்றே புகார் போடுங்கள். ரிட்டர்ன் நாள் கணக்கு அந்த 'டெலிவர்டு'விலிருந்துதான் ஓடும்.

ஆன்லைன் வியாபாரத்துக்கான 2020 நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, ஆப் நடத்துகிற நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவர் பெயரும் எண்ணும் ஆப்பின் அடியில் எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம்.

படி 7: போலி மெசேஜ்

"உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லாததால் இரண்டு முறை முயன்றும் கொடுக்க முடியவில்லை, 48 மணி நேரத்துக்குள் முகவரியைப் புதுப்பிக்கவும்" என்று இந்தியா போஸ்ட் பெயரில் ஒரு லிங்க்கோடு வரும். போலி. மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. உள்ளே போனால் இருபது, முப்பது ரூபாய் கட்டச் சொல்லும். அவர்களுக்கு வேண்டியது அந்தப் பணம் இல்லை, நீங்கள் அடிக்கிற கார்டு விவரம்.

இன்னொன்று போனில் வரும். "டெலிவரி பாய் பேசுறேன், இந்த நம்பருக்கு டயல் பண்ணுங்க" என்று *401* அல்லது *21* என்று தொடங்கும் ஒன்றைச் சொல்வார்கள். அது உங்கள் அழைப்புகளை அவர்கள் போனுக்குத் திருப்பிவிடுகிற குறியீடு. பேங்க் ஓடிபி அழைப்பும் அங்கேதான் போகும். எந்த டெலிவரிக்கும் நட்சத்திரக் குறி போட்டு டயல் செய்யத் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண்.

படி 8: திருப்பி அனுப்பினால்

அளவு சரியில்லை என்று ரிட்டர்ன் போட்டால் ஆள் வந்து எடுத்துப் போவார். அவர் ஸ்கேன் செய்யும்வரை கவரைக் கையிலிருந்து விடாதீர்கள். 'பிக்டு அப்' என்று ஆப்பில் மாறியதும் ஒரு ஸ்கிரீன்ஷாட்.

பணம் திரும்பியதாக ஆப் சொல்லி, அக்கவுண்டில் இல்லையென்றால் அதற்கும் ஒரு எண் உண்டு. கார்டில் கட்டியிருந்தால் ஏ.ஆர்.என்., யுபிஐயில் கட்டியிருந்தால் யு.டி.ஆர். அல்லது ஆர்.ஆர்.என். என்று கேளுங்கள். பணத்தை உண்மையிலேயே அனுப்பியிருந்தால் கடையால் அதைக் கொடுக்க முடியும். அந்த எண்ணோடு பேங்குக்குப் போனால் பணம் எங்கே நிற்கிறது என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.