முதல்நாள் ரொட்டியில் முட்டையும் மரக்கறியும்

இரவு சுட்ட கோதுமை மா ரொட்டியில் இரண்டு மிஞ்சியிருந்தால், காலையில் இருவருக்குப் போதுமான ஒரு நல்ல சாப்பாட்டை அரை மணி நேரத்துக்குள் செய்துவிடலாம். அமெரிக்காவின் டெக்சாசில் டோர்ட்டியா எனப்படும் மெல்லிய சோள ரொட்டியைத் துண்டாக்கி முட்டையோடு கிளறி, அதனை 'மிகாஸ்' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அச்சொல் துணிக்கைகளைக் குறிக்கும். டோர்ட்டியாவுக்கான சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து, ஊறவிட்டு அரைப்பதால்தான் அந்த மா ஒட்டிப் பிடிக்கிறது. சாதாரண சோள மாவைத் தட்டினால் வெடித்துப்போகும் என்பதால், வன்னியில் கோதுமை மா ரொட்டியே இதற்கு வசதியானது. தேங்காய்ப்பூ சேர்த்த ரொட்டி வேண்டாம், கிளறும்போது உதிர்ந்துவிடும்.

இறைச்சியும் மீனும் இல்லாவிட்டாலும், முட்டை சேர்வதால் நம் வீடுகளில் இதனைச் சைவம் என்று ஒப்பமாட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமையையும் விரத நாள்களையும் விட்டுவிடுங்கள்.

கடை முட்டையாயின் 3, ஊர்க்கோழி முட்டை சிறிதாக இருக்குமாதலால் 4 எடுக்கலாம். வளவில் பொறுக்கிய முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பின்னரே ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அடைக்கோழிக்குக் கீழ் கிடந்த ஒன்று அகப்பட்டால் மற்றவையும் வீணாகிவிடும். கால் தேக்கரண்டி உப்பும் சிறிது மிளகுத்தூளும் இட்டு, மஞ்சளும் வெள்ளையும் கலக்குமளவுக்கு மட்டும் அடியுங்கள்.

ரொட்டியை விரல் அகலக் கீலங்களாக வெட்டி, தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, ஓரங்கள் மொறுமொறுப்பாகும்வரை பொரித்துத் தனியே எடுத்து வையுங்கள். அதே தாச்சியில் இன்னும் சிறிது எண்ணெய் விட்டு, ஏழெட்டுச் சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கி, மெல்லியதாக அரிந்த கரட்டையும் போஞ்சியையும் முதலில் போட வேண்டும். அவை பாதி வெந்ததும் கோவாவையும், உருவிய முருங்கையிலை ஒரு பிடியையும் சேர்க்கலாம். தக்காளிப்பழத்தை விதை நீக்கிக் கடைசியில் போடுங்கள்.

இந்தச் சமையல் பெரும்பாலும் பழுதாவது தண்ணீரால்தான். மரக்கறியின் நீர் வற்றுமுன் முட்டையை ஊற்றினால் முட்டை திரைந்து நீர் கக்கும்; ரொட்டியும் ஊறிக் களியாகிவிடும். ஆகையால் தாச்சியை மூடாமல், சலசலப்பு அடங்கி எண்ணெய் மினுங்கும்வரை பொறுத்திருந்து, பின்னர் விறகடுப்பாயின் கொள்ளியை வெளியே இழுத்துச் சூட்டைத் தணித்துவிட்டு, மரக்கறியை ஓரமாக ஒதுக்கி, நடுவில் முட்டையை ஊற்றுங்கள். ஊற்றிய கையோடு கிளறக் கூடாது. அடி சற்று இறுகியதும் அகப்பையால் மெதுவாகப் புரட்டி, மேற்பரப்பில் இன்னும் சிறிது ஈரம் இருக்கும்போதே ரொட்டித் துண்டுகளைச் சேர்த்து, நான்கைந்து முறை புரட்டி இறக்கிவிட வேண்டும். மிச்ச ஈரம் தாச்சியின் சூட்டிலேயே இறுகிவிடும்.

இறக்கிய பிறகு அரைத் தேசிக்காயைப் பிழிந்து, ரொட்டி மொறுமொறுப்பு இழக்குமுன் பரிமாறுங்கள். கட்டைச் சம்பல் இருந்தால் வேறு கறி தேவையில்லை.